பெங்களூரு ஹாலில் நல்ல படம்: டிவி, 4கே, எச்டிஆர், வெளிச்சம் பற்றி ஒரு முழுமையான வழிகாட்டி

டிவி வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் சொல்வது இன்ச், அடுத்தது 4கே. பாதிப் பேர் இந்த இரண்டையும் வைத்தே முடிவெடுத்துவிடுகிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டி, இருட்டில் நடக்கும் ஒரு சண்டைக் காட்சியைப் போட்டால் ஹீரோ யார், அடியாள் யார் என்றே தெரிவதில்லை. கருப்புச் சட்டை எல்லாம் சாம்பல் கட்டங்களாக மிதக்கின்றன. அத்தனை பணம் கொடுத்தும் ஏன் இப்படி?

ஒரு கணக்கைப் பார்த்தால் புரியும். தியேட்டர்களுக்கான டிசிஐ தரம் 2005-ல் வந்தது. அதில் 2கே என்பது 2048×1080 புள்ளிகள், அதாவது சுமார் 22 லட்சம். வீட்டு ஃபுல் எச்டி 1920×1080, சுமார் 21 லட்சம். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனாலும் 2கே புரொஜெக்டர் உள்ள தியேட்டரில் பேருந்து நீளத் திரையில் படம் பளிச்சென்று இருக்கிறது. இத்தனைக்கும் தியேட்டர் திரையின் வெளிச்சம் மிகக் குறைவு. வெள்ளை நிறத்துக்கான அளவே 48 நிட்ஸ்தான் (நிட்ஸ் என்பது திரை வெளிச்சத்தின் அலகு), வீட்டு டிவி சாதாரணமாக 250, 300 நிட்ஸ் தரும். தியேட்டரில் இருப்பது இருட்டு, ஒழுங்கான கருப்பு, நொடிக்கு 250 மெகாபிட் வரை போகக்கூடிய தரவு. நம் ஹாலில் இல்லாததும் இந்த மூன்றுதான். ஆகவே இந்த வழிகாட்டியில் 4கே என்ற எண்ணை வரிசையின் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன்.

முதலில் டேப்பை எடுங்கள்

கடைக்குப் போகும் முன் சோபாவில் உட்கார்ந்தால் கண் இருக்கும் இடத்திலிருந்து டிவி வரப்போகும் சுவர் வரை அளந்துகொள்ளுங்கள். அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத்துப் பழைய வீடுகளில் 7, 8 அடிதான் இருக்கும். ஒயிட்ஃபீல்டு அடுக்ககங்களில் 10, 12 அடி கூட வரும்.

இனி ஒரே ஒரு பெருக்கல். டிவியின் மூலைவிட்ட அளவை 1.6-ஆல் பெருக்குங்கள். 43 இன்ச்சுக்கு 69 இன்ச், அதாவது ஆறு அடிக்குக் கொஞ்சம் குறைவு. 55 இன்ச்சுக்கு ஏழேகால் அடி. 65-க்கு எட்டேமுக்கால் அடி. 75-க்குச் சரியாகப் பத்து அடி. இந்தத் தூரத்தில் திரை உங்கள் பார்வையில் சுமார் 30 டிகிரி அகலத்தை நிரப்பும். படம் பார்ப்பதற்குக் குறைந்தபட்சம் அவ்வளவு வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு.

இதே தூரத்துக்கு இன்னொரு பொருளும் உண்டு. கண்ணாடி போட்டோ போடாமலோ 6/6 பார்வை உள்ள ஒருவரால் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள நுணுக்கத்தைப் பிரித்துப் பார்க்க முடியும். கணக்குப் போட்டால், மேலே சொன்ன தூரத்தில் ஃபுல் எச்டியின் புள்ளிகள் ஏறத்தாழ அதே எல்லையில் வந்து நிற்கின்றன. அதைவிடத் தள்ளி உட்கார்ந்தால் 4கே தரும் கூடுதல் நுணுக்கம் கண்ணுக்கு எட்டாது. 4கே என்பது 3840×2160, சுமார் 83 லட்சம் புள்ளிகள், ஃபுல் எச்டியைப் போல நான்கு மடங்கு. பத்து அடி தள்ளி 43 இன்ச் வைத்திருப்பவருக்கு அந்த நான்கு மடங்கில் எதுவும் வந்து சேராது. 8கே பற்றி ஒரு வார்த்தை போதும்: வேண்டாம்.

அதற்காக ஃபுல் எச்டி டிவியைத் தேடி அலையவும் வேண்டாம். 43 இன்ச்சுக்கு மேல் இப்போது கடையில் இருப்பதில் பெரும்பாலானவை 4கே-தான். எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காமல், அந்தப் பணத்தை இன்ச்சிலோ பேனலிலோ போடுங்கள். 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 28 சதவீதத்திலிருந்து 18-ஆகக் குறைந்தது. அதனால் ஒரு அளவு மேலே போவது முன்பைவிடக் கொஞ்சம் எளிது.

உயரத்தையும் இப்போதே குறித்துவிடுங்கள். திரையின் நடுப்புள்ளி தரையிலிருந்து மூன்றரை அடி இருந்தால் போதும். பல வீடுகளில் பூஜை அலமாரி உயரத்துக்கு டிவியை ஏற்றி மாட்டுகிறார்கள். கழுத்து வலி ஒரு பக்கம் இருக்க, சில வகைப் பேனல்கள் கீழிருந்து பார்த்தால் வெளுத்துப் போகும். சுவரில் துளை போட ஹவுஸ் ஓனர் சம்மதிக்காவிட்டால் கவலை வேண்டாம். டிவி ஸ்டாண்டில் வைப்பதே பெரும்பாலும் சரியான உயரம்.

வெளிச்சத்தை அடக்குவது

செலவு குறைவு, பலன் அதிகம் என்றால் அது இதுதான். புது அடுக்ககங்களில் ஹாலுக்கு முழு அகலத்தில் பால்கனிக் கண்ணாடிக் கதவு வைத்திருப்பார்கள். அதற்கு எதிர்ச் சுவரில் டிவியை மாட்டினால் மதியம் மூன்று மணிக்குத் திரையில் தெரிவது எதிர் பிளாக்தான். கதவுக்குப் பக்கவாட்டுச் சுவரைத் தேர்ந்தெடுங்கள். அது முடியாவிட்டால் பிளாக்அவுட் ஸ்கிரீன் (வெளிச்சம் புகாத திரைச்சீலை) போடுங்கள், இதற்கு வேறு மாற்று இல்லை. அறைக்குள் வரும் வெளிச்சம் திரையின் கருப்பின் மேல் விழுந்து அதைச் சாம்பலாக்குகிறது. லட்ச ரூபாய் பேனலாலும் அதைத் தடுக்க முடியாது.

இரவிலும் ஒரு விஷயம். சோபாவுக்குப் பின்னால் டியூப்லைட் எரிந்தால் அது திரையில் கோடாகத் தெரியும். அணைத்துவிடுங்கள். கும்மிருட்டில் கண் உறுத்துகிறது என்றால் டிவிக்குப் பின்புறம் ஒரு சிறிய எல்இடி பட்டையை ஒட்டி வையுங்கள், 6500 கெல்வின் வெள்ளையாக இருக்கட்டும். நிறம் மாறி மாறி மின்னும் பட்டை கல்யாண மேடைக்குச் சரி, படத்துக்குச் சரிவராது.

படம் எங்கிருந்து வருகிறது

பெரும்பாலான ஏமாற்றத்தின் வேர் இங்கேதான். டிவி 4கே-ஆக இருக்கும், உள்ளே வருவது 480-ஆக இருக்கும் (480, 720, 1080 என்பவை மேலிருந்து கீழாகப் படத்தில் எத்தனை கோடுகள் என்ற எண்). அதை டிவி இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். நாம் டிவியைத் திட்டுவோம்.

ஓடிடி சந்தாவில் தொடங்குங்கள். நெட்ஃபிளிக்ஸில் மொபைல் பிளான் 480, பேசிக் 720, ஸ்டாண்டர்ட் 1080, பிரீமியத்தில் மட்டும்தான் 4கே, எச்டிஆர் (வெளிச்சம், நிறம் இரண்டின் வீச்சையும் கூட்டும் முறை, விவரம் பின்னால்). மற்ற ஓடிடிகளிலும் பெரும்பாலும் இதே கதைதான், மலிவான பிளானில் தரம் பூட்டப்பட்டிருக்கும். ரீசார்ஜோடு இலவசமாக வரும் சந்தாக்களை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

அப்புறம் கருவி. பழைய ஃபயர் ஸ்டிக் 1080-க்கு மேல் போகாது, 4கே என்று பெயரிலேயே உள்ள மாடல் வேண்டும். விலை குறைந்த ஆண்ட்ராய்டு பெட்டிகள், சில புரொஜெக்டர்கள் ஆகியவற்றில் வைட்வைன் எல்1 என்ற பாதுகாப்புச் சான்று இருக்காது. எல்3 மட்டும் இருந்தால் பெரிய ஓடிடிகள் 480-ஐத் தாண்டவிடாது. பெட்டியின் மேல் 4கே என்று எவ்வளவு பெரிதாக அச்சடித்திருந்தாலும் சரி. லேப்டாப்பை எச்டிஎம்ஐ-யில் செருகிப் பார்ப்பவர்களுக்கும் இதே சிக்கல், பிரவுசரில் பல தளங்கள் 720 அல்லது 1080-உடன் நின்றுவிடும். டிவியிலேயே உள்ள ஆப் பெரும்பாலும் இதைவிட நல்ல தரம் தரும்.

இடையில் சவுண்ட்பார் வழியாக இணைத்திருந்தால், அந்தச் சவுண்ட்பாரும் எச்டிசிபி 2.2 என்ற நகல்தடுப்பு முறையை ஏற்க வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி பழையதாக இருந்தாலும் 4கே போய்விடும். எச்டிஎம்ஐ கேபிளுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டியதில்லை. 4கே 60 ஃபிரேமுக்கு 18 ஜிகாபிட் தாங்கும் பிரீமியம் ஹை ஸ்பீடு கேபிள் போதும், எஸ்.பி. ரோட்டில் தமிழிலேயே பேரம் பேசி வாங்கலாம். தங்க முலாம் பூசியது என்று கடைக்காரர் ஆரம்பித்தால் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுங்கள்.

இணைய வேகம்: 4கே-க்கு நெட்ஃபிளிக்ஸ் சொல்வது 15 எம்பிபிஎஸ். பெங்களூருவின் ஃபைபர் இணைப்புகள் இதைவிடப் பல மடங்கு தருகின்றன. சிக்கல் வைஃபையில். ஒரு அடுக்ககத்தில் முப்பது ரவுட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் முட்டிக்கொள்ளும்போது இரவு ஒன்பது மணிக்குப் படம் மங்கிவிடும். டிவியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், முடிந்தால் லேன் கேபிள் இழுங்கள். பல டிவிகளில் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். கவலை இல்லை, படத்துக்கு அது தாராளம்.

இனி பிட்ரேட். ரெசல்யூஷன் என்பது எத்தனை புள்ளிகள் என்று சொல்கிறது. அந்தப் புள்ளிகளை நிரப்ப நொடிக்கு எவ்வளவு தகவல் வருகிறது என்பது பிட்ரேட். 15 மெகாபிட்டில் இரண்டரை மணி நேரப் படம் சுமார் 17 ஜிபி. அதே 4கே படம் 3 ஜிபி ஃபைலாக யாரோ அனுப்பினால், தகவலைப் பிழிந்து எடுத்துவிட்டார்கள் என்று பொருள். முதலில் அடிபடுவது இருட்டுக் காட்சி, புகை, மழை, கூட்டம். நம் படங்களில் இந்த நான்கும் இல்லாத கிளைமாக்ஸ் அரிது! சாதாரண ப்ளூரேயில் வீடியோ 40 மெகாபிட் வரை போகும். ஆகவே ஒரு நல்ல 1080 ப்ளூரே, இளைத்துப்போன 4கே ஸ்ட்ரீமை இருட்டுக் காட்சியில் தோற்கடிக்கும். யூடியூபில் பழைய படங்களுக்கு '4கே' என்று ஒட்டியிருப்பதையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். 35 எம்எம் நெகட்டிவை 4கே-யில் ஸ்கேன் செய்து சுத்தம் செய்தது வேறு. டிவிடி பிரதியை மென்பொருளில் ஊதிப் பெரிதாக்கியது வேறு. இரண்டாவதில் முகங்கள் மெழுகு பூசியதுபோல வழவழப்பாக இருக்கும், பட்டுப் புடவையின் ஜரிகை கரைந்து போயிருக்கும்.

டிடிஎச் வைத்திருப்பவர்களுக்கு: எச்டி சேனல்கள் பெரும்பாலும் 1080i, அதாவது ஒரு நேரத்தில் பாதிக் கோடுகள் மட்டும் வந்து டிவி அவற்றைச் சேர்க்கிறது. சாதாரண சேனல் 576 கோடுகள். 65 இன்ச் வாங்கிவிட்டுச் சாதாரண சேனலில் படம் பார்த்தால் மங்கலாகத்தான் இருக்கும், டிவியின் குற்றமில்லை.

பேனலைத் தேர்ந்தெடுக்கும்போது

இங்கேதான் பணத்தைப் போட வேண்டும். டிவி வாங்கும் நண்பர்கள் கேட்டால் நான் ரெசல்யூஷனைப் பற்றிப் பேசவே மாட்டேன், கான்ட்ராஸ்ட் பற்றி மட்டும் சொல்வேன். திரையின் மிக வெளிச்சமான பகுதிக்கும் மிக இருண்ட பகுதிக்கும் உள்ள விகிதம் அது. கண் முதலில் கவனிப்பதும் அதைத்தான்.

எல்இடி டிவி என்று விற்பதெல்லாம் எல்சிடி-தான், பின்னால் விளக்கு எரியும். கியூஎல்இடி-யும் அதே எல்சிடி-தான், குவாண்டம் டாட் படலம் சேர்த்து நிறத்தைக் கூட்டியிருப்பார்கள். ஓஎல்இடி-யோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், எழுத்து ஒரே மாதிரி இருப்பது விற்பவருக்குத்தான் வசதி.

எல்சிடி-யில் இரண்டு வகை. ஐபிஎஸ் பேனலின் கான்ட்ராஸ்ட் சுமார் 1000-க்கு 1. பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் மாறாது, ஆனால் இருட்டு அறையில் கருப்பு சாம்பலாகத் தெரியும். விஏ பேனலில் 3000 முதல் 5000 வரை கிடைக்கும். நேராக உட்கார்ந்தால் அருமை, ஓரத்தில் உட்கார்ந்தால் வெளுக்கும். கணவன், மனைவி, ஒரு குழந்தை, சோபாவில் நேராக உட்கார்ந்து இரவில் படம் பார்க்கும் வீடென்றால் விஏ. ஊரிலிருந்து சித்தி சித்தப்பா எல்லாம் வந்து தரையில் பாய் விரித்து மூலைக்கு மூலை உட்காரும் வீடென்றால் ஐபிஎஸ், அல்லது பணம் இருந்தால் ஓஎல்இடி. பேனல் வகை பெட்டியில் எழுதியிருக்காது. ஷோரூமில் பக்கவாட்டில் நடந்து பாருங்கள், சட்டென்று வெளுத்தால் பெரும்பாலும் விஏ. ஒரே மாடலில் 50 இன்ச்சுக்கு ஒரு வகை, 55-க்கு வேறு வகை வருவதும் உண்டு, எனவே வாங்கப்போகும் அளவையே பாருங்கள்.

இதற்கு மேலே போனால் மினி எல்இடி. பின்விளக்கை நூற்றுக்கணக்கான பகுதிகளாகப் பிரித்து, இருண்ட இடத்தில் மட்டும் அணைக்கிறது. கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடும்போது எழுத்தைச் சுற்றி ஒரு ஒளிவட்டம் தெரிந்தால் பகுதிகள் போதவில்லை என்று அர்த்தம். பகல் வெளிச்சம் நிறைந்த ஹாலுக்கு இதுதான் என் தேர்வு. இருட்டாக்க முடிகிற அறை என்றால் ஓஎல்இடி. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணைவதால் கருப்பு என்றால் கருப்புதான். ஒரு எச்சரிக்கை: காலையிலிருந்து இரவு வரை செய்திச் சேனல் ஓடும் வீட்டில் ஓஎல்இடி வேண்டாம். சேனல் லோகோவும் கீழே ஓடும் செய்திப் பட்டையும் நாளடைவில் திரையில் தழும்பாகப் பதியக்கூடும்.

எச்டிஆர் பற்றி. வெளிச்சத்தின் வீச்சையும் நிறத்தின் வீச்சையும் கூட்டுவது எச்டிஆர். பழைய முறையில் 8 பிட், சுமார் 1.67 கோடி நிறங்கள். 10 பிட்டில் 107 கோடி. அந்தி வானத்தில் பட்டை பட்டையாக நிறம் பிரிந்து தெரிவது 8 பிட்டின் கைவேலை. எச்டிஆர் படங்களை 1000 நிட்ஸ், சில சமயம் 4000 நிட்ஸ் திரையில் பார்த்து வண்ணம் சேர்க்கிறார்கள். நம் பட்ஜெட் டிவி 300 நிட்ஸ். சமிக்ஞையை அது ஏற்றுக்கொள்ளும், மூலையில் எச்டிஆர் என்று சின்னமும் காட்டும், ஆனால் அவ்வளவு வீச்சையும் தன் 300-க்குள் அமுக்க வேண்டியிருப்பதால் படம் முழுக்க இருண்டு போகும். 'எச்டிஆர் போட்டால் டல்லாக இருக்கிறது' என்ற புகாரின் காரணம் இதுதான். அப்படி இருந்தால் டைனமிக் டோன் மேப்பிங் (காட்சிக்கு ஏற்ப வெளிச்சத்தை டிவியே சரிசெய்யும் வசதி) இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வெளிக் கருவியில் எச்டிஆரை அணைத்துவிட்டுச் சாதாரணமாகவே பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. உண்மையான எச்டிஆர் வேண்டுமென்றால் எல்சிடி-யில் 600 நிட்ஸுக்குக் கீழே போகாதீர்கள்.

எச்டிஆரிலும் வகைகள் உண்டு. டால்பி விஷன் காட்சிக்குக் காட்சி வெளிச்சக் குறிப்பைத் தருகிறது, எச்டிஆர்10 படம் முழுக்க ஒரே குறிப்போடு வருகிறது. சாம்சங் டிவிகள் டால்பி விஷனை ஏற்பதில்லை, எச்டிஆர்10 பிளஸை ஏற்கின்றன. இதை வைத்து மட்டும் ஒரு டிவியை ஒதுக்க வேண்டாம்.

ஷோரூமில் ஓடும் பூ, மீன், தேன் சொட்டும் வீடியோவை நம்பாதீர்கள். எந்த டிவியிலும் அழகாகத் தெரிவதற்கென்றே எடுத்தவை அவை. பென் டிரைவில் இருட்டுக் காட்சி ஒன்றை எடுத்துச் சென்று, விவிட் மோடை மாற்றிவிட்டுப் போடச் சொல்லுங்கள். மறுக்கும் கடைக்கு நன்றி சொல்லிவிட்டு வரலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு ரிமோட்டில் செய்ய வேண்டியவை

முதலில் பிக்சர் மோடை ஃபிலிம்மேக்கர் அல்லது சினிமாவுக்கு மாற்றுங்கள். படம் மஞ்சளாகத் தெரியும், உடனே திரும்பிப் போகாதீர்கள். இத்தனை காலம் பார்த்தது நீலம் கலந்த வெள்ளை. நான்கைந்து நாளில் கண் பழகிவிடும், அதற்குப் பிறகு விவிட் மோடைப் பார்த்தால் எல்லோருக்கும் சுண்ணாம்பு பூசியதுபோல இருக்கும்.

அடுத்தது மோஷன் ஸ்மூத்திங். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். டிவி நடுவே தானாகவே ஃபிரேம்களை உருவாக்கிச் செருகினால் சினிமா மெகா சீரியல்போல ஆகிவிடும். டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் 2018 டிசம்பரில் இதை அணைக்கச் சொல்லி வீடியோவே வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு ஃபிலிம்மேக்கர் மோடு அறிவிக்கப்பட்டது. சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி, எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று தேடுங்கள். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். ஓஎல்இடி-யில் கேமரா பக்கவாட்டில் நகரும்போது படம் தத்துவதுபோல இருந்தால் மிகக் குறைந்த அளவில் விடுங்கள்.

ஷார்ப்னஸைக் குறையுங்கள். அது புதிய நுணுக்கம் எதையும் தருவதில்லை, விளிம்புகளில் வெள்ளைக் கோடு போடுகிறது. பெரும்பாலான டிவிகளில் பூஜ்யம் அல்லது அதற்குப் பக்கம் சரி. சோனியில் மட்டும் 50-தான் நடுநிலை. மின்சேமிப்பு மோடு, அறை வெளிச்சத்துக்கு ஏற்பத் தானாக மாறும் பிரைட்னஸ் இரண்டையும் படத்துக்கு முன் அணைத்துவிடுங்கள். வெளிப்பெட்டி இணைத்திருந்தால் அந்த எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு மேம்பட்ட சிக்னல் ஆப்ஷனை ஆன் செய்யுங்கள். பல டிவிகளில் அது இல்லாமல் முழு 4கே எச்டிஆர் உள்ளே வராது.

கருப்புப் பட்டை விவகாரம் ஒன்று பாக்கி. அகலத்திரைப் படங்கள் 2.39-க்கு 1, டிவி 16-க்கு 9. மேலும் கீழும் கருப்பு வந்தே தீரும். 'அவ்வளவு பெரிய டிவி வாங்கிப் பாதிதான் படம் வருதே' என்று வீட்டுப் பெரியவர்கள் ரிமோட்டை எடுத்து ஜூம் போடுவார்கள். ஜூம் போட்டால் இரண்டு பக்கமும் சேர்த்துப் படத்தின் கால் பங்கு வெட்டுப்படும், ஸ்ட்ரெட்ச் போட்டால் எல்லோரும் ஒல்லிக்குச்சியாகிவிடுவார்கள். பட்டைகளை அப்படியே விடுங்கள். எல்ஜியில் ஜஸ்ட் ஸ்கேன், சாம்சங்கில் ஃபிட் டு ஸ்கிரீன் என்பதை ஆன் செய்தால் ஓரத்தில் நறுக்கப்படும் கொஞ்சமும் திரும்பக் கிடைக்கும்.

புரொஜெக்டர் ஆசை இருந்தால்

100 இன்ச் திரையின் அகலம் ஏழேகால் அடி. த்ரோ ரேஷியோ (திரைக்கு உள்ள தூரத்தைத் திரையின் அகலத்தால் வகுத்த எண்) 1.2 உள்ள புரொஜெக்டரை ஒன்பது அடிக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் வைக்க வேண்டும், அது நம் ஹாலில் அடங்கும். விளம்பரத்தில் '4கே சப்போர்ட்' என்றிருந்தால் 4கே சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்று மட்டுமே பொருள். 'நேட்டிவ் ரெசல்யூஷன்' என்ற வரியைத் தேடுங்கள், அங்கே 854×480 என்றோ 1280×720 என்றோ இருக்கும். வெளிச்சத்துக்கு அன்சி (ANSI) லூமென்ஸ் என்ற, தர முறைப்படி அளந்த எண்ணை மட்டும் பாருங்கள், வெறும் 'லூமென்ஸ்' என்று ஐந்திலக்க எண் போட்டிருந்தால் கண்டுகொள்ள வேண்டாம். பகலில் பார்க்கும் எண்ணம் இருந்தால் டிவியே வாங்குங்கள்.

ரிட்டர்ன் காலம் முடிவதற்குள்

நெட்ஃபிளிக்ஸில் 'டெஸ்ட் பேட்டர்ன்ஸ்' என்று தேடினால் சோதனைப் படங்கள் கிடைக்கும், எந்த ரெசல்யூஷன் வருகிறது என்பதும் சில கருவிகளில் திரையிலேயே தெரியும். யூடியூபில் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' அதே வேலையைச் செய்யும். முழு வெள்ளை, முழுக் கருப்பு, முழுச் சாம்பல் படங்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். வெள்ளையில் செத்த புள்ளி தெரியும், இருட்டு அறையில் கருப்பைப் போட்டால் மூலைகளில் வெளிச்சக் கசிவு தெரியும், சாம்பலில் அழுக்குத் துணிபோலத் திட்டுகள் தெரியும். மூலையில் லேசான கசிவு எல்சிடி-யில் சாதாரணம், நடுவில் திட்டு இருந்தால் விடாதீர்கள், போனில் படம் எடுத்து அன்றே புகார் பதியுங்கள். மாட்டித் தர வந்தவர் கிளம்பும் முன்பே இதைச் செய்துவிட்டால் நல்லது. பெட்டியையும் தெர்மோகோலையும் ரிட்டர்ன் காலம் தாண்டும்வரை தூக்கிப் போடாதீர்கள்.